படிப்புக்கு நடுவே வாசிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் சேப்பாக்கத்தில் முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். இளங்கலை படித்த மூன்று ஆண்டும் கிளை நூலகத்தில் எடுத்து வாரம் ஒரு நாவலாவது முடித்துவிடுவேன். முதுகலையில் சேர்ந்த பிறகு அது நின்றுபோனது. பாடத்துக்கான கட்டுரைகளே நூற்றுக்கு மேல் கைப்பேசியில் சேர்ந்து கிடக்கின்றன, அவற்றையும் படிப்பதில்லை. கதைப் புத்தகத்தை எடுத்தால் "படிக்கிற நேரத்துல இது என்ன?" என்று அம்மா கேட்கிறார். எனக்கும் மனம் உறுத்துகிறது. தினமும் ஒரு மணி நேரம் வாசிப்பது என்று நான்கு முறை முடிவெடுத்து, நான்கு முறையும் பத்து நாளுக்குள் விட்டுவிட்டேன். வழி சொல்லுங்கள்.
– முதுகலை மாணவி, திருவொற்றியூர்

பதில்: உங்கள் அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நம் பக்கத்து வீடுகளில் 'படிக்கிறது' என்ற ஒரே சொல்தான் இரண்டு வேலைக்கும் வழங்குகிறது. தேர்வுக்கு உருப்போடுவதும் படிப்புதான், வாசற்படியில் உட்கார்ந்து தொடர்கதை பார்ப்பதும் படிப்புதான். ஆனால் கணக்கில் சேர்வது முன்னது மட்டுமே. நாங்கள் பத்திரிகையில் எழுதும் 'வாசிப்பு' என்ற சொல் வண்ணாரப்பேட்டை வீடுகளுக்குள் இன்னும் நுழையவில்லை. அங்கே வாசிப்பு என்றால் நாதசுரம்தான். இளங்கலை வரை இந்த இரண்டையும் நீங்கள் தனித்தனியே வைத்திருந்தீர்கள். முதுகலைக்கு வந்ததும், அச்சில் உள்ள எதை எடுத்தாலும் 'இதில் எது கேட்பார்கள், எதைக் குறிப்பெடுக்க வேண்டும்' என்ற எண்ணத்தோடு எடுக்கப் பழகிவிட்டீர்கள். நாள் முழுவதும் அப்படிப் படித்துக் களைத்த மனம் இரவில் நாவலையும் இன்னொரு பாடமாகவே பார்த்து ஒதுங்குகிறது. ஆகவே, உங்களுக்கு நேரம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. எதற்கும் பயன்படாத ஒரு வாசிப்பு உங்கள் நாளில் இல்லாமல் போனதுதான் குறை.

உங்கள் நான்கு முடிவுகளும் ஏன் முறிந்தன என்பதற்கு வேறு காரணமும் உண்டு. 'தினமும் ஒரு மணி நேரம்' என்பதில் அளவு இருக்கிறது; எங்கே, எதற்குப் பிறகு என்பது இல்லை. 'இன்னது நடந்தவுடன் இன்னதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டவர்கள், வெறுமனே 'செய்வேன்' என்று எண்ணியவர்களைவிட அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் பல சோதனைகளைக் கொண்டு விளக்கினார். உங்களுக்கு அந்த 'இன்னது' தினமும் காலையில் தானாகவே நடக்கிறது. நீங்கள் மெட்ரோவில் போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை அந்தத் தடம் நீண்டதிலிருந்து, திருவொற்றியூரில் ஏறுபவருக்குப் பதினொன்றாவது நிலையம், சேப்பாக்கத்துக்கு நீங்கள் இறங்க வேண்டிய அரசினர் தோட்டம். புது வண்ணாரப்பேட்டை வரை வண்டி மேம்பாலத்தில் ஓடுகிறது. அதுவரை வெளியே வேடிக்கை பாருங்கள், கைப்பேசியைப் பாருங்கள், தூங்கினாலும் குற்றமில்லை. தண்டையார்பேட்டைக்காக வண்டி தரைக்கு அடியில் இறங்கி, சன்னல் கறுத்ததும் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துவிடுங்கள். அங்கிருந்து அரசினர் தோட்டம் ஆறாவது நிலையம். ஏறக்குறையக் கால் மணி நேரம். அதற்கு மேல் ஒரு பக்கம்கூட வாசிக்க வேண்டியதில்லை. உயர்நீதிமன்ற நிலையத்தில் கூட்டம் ஏறி நெருக்கினால் மூடிவைத்துவிடலாம். திரும்பும்போது வாசிக்காதீர்கள் என்று வேண்டுமென்றே சொல்கிறேன். மாலையில் களைப்போடு புத்தகத்தைத் திறந்து ஒரே பத்தியை மூன்று முறை படிப்பது காலையில் கிடைத்த சுவையையும் கெடுத்துவிடும்.

அந்தக் கால் மணிக்கு எதை எடுப்பது? உங்கள் ஆய்வுத் தலைப்போடு ஒட்டாத ஒன்றை எடுங்கள். நாவல் என்றால் ஆறு நிலையத்தில் கதை நடுவழியில் நின்றுவிடும் என்ற தயக்கம் இருந்தால் குறுந்தொகையை எடுக்கலாம். 401 பாடல், பெரும்பாலும் 4 முதல் 8 அடி. ஒரு பாடலை இரண்டு முறை படித்து, உரையைப் பார்த்து, மீண்டும் ஒரு முறை மூலத்தைப் படிக்கக் கால் மணி நேரம் சரியாக இருக்கும். ஒரு பருவத்துக்கு 90 வேலைநாள் என்று கொண்டால் நான்கு பருவத்துக்கு 360 நாள். முதலாண்டிலேயே தொடங்கியிருந்தால் பட்டம் வாங்கும்போது 41 பாடல்தான் மிச்சம் இருந்திருக்கும். உங்களுக்கு இனிப் பாதி கிடைக்கும், அதுவும் நல்லதுதான். சங்கப் பாட்டு வேண்டாம் என்றால் சிறுகதைத் தொகுதி, நாட்குறிப்பு, பயணக்கட்டுரை, எதுவும் ஆகும். கையில் பென்சில் மட்டும் இருக்கக் கூடாது.

இருபத்தொரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் தம் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதியதுதான் பின்னாளில் இப்படித் திரிந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்றும், நடுமதிப்பு 66 நாள் என்றும் கணக்கிட்டார்கள். அவர்கள் பார்த்தவை பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, ஓடுவது போன்றவை. வாசிப்புக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த வேண்டியதில்லை. எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது வேறொன்று: நடுவே ஒரு நாள் விடுபட்டதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை.

இதை நான் என் முதுகலைக் காலத்தில், 1970களின் இறுதியில், அறிந்திருந்தால் இரண்டு ஆண்டு மிஞ்சியிருக்கும். நாளுக்கு ஐம்பது பக்கம் என்று முடிவு செய்து, படித்த பக்கங்களை ஒரு நோட்டில் வரவு வைத்து வந்தேன். நாற்பது நாள் ஒழுங்காக நடந்தது. பிறகு இரண்டு நாள் காய்ச்சல். எழுந்தவுடன் அன்றைய ஐம்பதோடு பாக்கி நூறும் சேர்ந்து நூற்றைம்பது பக்கக் கடனாக நின்றது. அடைக்க முடியவில்லை, நான்காம் நாள் நோட்டைப் பரண்மேல் போட்டேன், அதோடு நாவல்களும் போய்விட்டன. பாடத்துக்கு வெளியே அடுத்த புத்தகத்தைத் தொட ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆயிற்று. ஆகவே, பக்கக் கணக்கு எழுதாதீர்கள். தவறிய நாளைத் தவறிய நாளாகவே விட்டுவிடுங்கள்.

கைப்பேசியில் கிடக்கும் நூறு கட்டுரைகளுக்கு வருவோம். அவை அனைத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பது என்று நினைப்பதால்தான் ஒன்றையும் திறக்க முடியவில்லை. கணினி அறிவியல் பேராசிரியர் எஸ்.கேசவ், ஆய்வுக் கட்டுரையை மூன்று முறையாகப் படிக்கும் ஒரு வழியை 2007இல் தம் மாணவர்களுக்காக எழுதிவைத்தார். முதல் முறை 5 முதல் 10 நிமிடம்: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை, மேற்கோள் பட்டியலில் நமக்கு அறிமுகமான பெயர்கள், அவ்வளவுதான். இரண்டாம் முறை ஒரு மணி நேரம் வரை. மூன்றாம் முறை, புதியவர்களுக்கு நான்கைந்து மணி நேரம்கூட ஆகும். பெரும்பாலான கட்டுரைகளுக்கு முதல் முறையோடு வேலை முடிந்துவிடும் என்பதுதான் இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. வரலாற்றுக்கு ஒரு சிறு திருத்தம் சொல்வேன். தமிழ் ஆய்விதழ்களில் பல கட்டுரைகளுக்குச் சுருக்கமே இருப்பதில்லை. முன்னுரை தலைப்பின் பெருமையைப் பேசும், முடிவுரை நன்றி சொல்லும், கட்டுரையாளர் சொல்ல வந்தது நடுவில் எங்கோ ஒரு பத்தியில் ஒளிந்திருக்கும். அங்கெல்லாம் அடிக்குறிப்புகளை முதலில் பாருங்கள். எந்த ஆவணத்தைக் கண்ணால் பார்த்து எழுதினார், எதைப் பிறர் நூலிலிருந்து எடுத்தார் என்பது அங்கே தெரிந்துவிடும். முழுவதும் படிக்கத் தகுந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

நாளுக்கு ஒன்று, முதல் முறை மட்டும், கல்லூரியில் முதல் வகுப்புக்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கி, கட்டுரைக்கு மூன்று வரி எழுதுங்கள்: இவர் என்ன சொல்கிறார், எதைக் கொண்டு சொல்கிறார், எனக்கு எங்கே உதவும். மூன்றாவது வரிக்கு விடை இல்லையென்றால் அதையும் 'உதவாது' என்று எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே கட்டுரையை மீண்டும் தேடி இறக்கிக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் அம்மாவோடு வாதம் செய்யாதீர்கள். ரயிலில் வாசிப்பதால் வீட்டு நேரத்தில் கைவைக்கவில்லை என்பது அவருக்கே தெரிந்துவிடும். விடுமுறை நாளில் நீங்கள் வாசித்த கதை ஒன்றை, அரிசி பொறுக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, அவரிடம் சொல்லிப் பாருங்கள். அடுத்த வாரம் "அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?" என்று அவரே கேட்கக்கூடும்.

கேள்வி: மணலியில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்டு வேலை. வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும். தமிழில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தினமும் ஒரே நேரத்தில் படியுங்கள் என்று நெறியாளர் சொல்கிறார். எனக்கு 'ஒரே நேரம்' என்று ஒன்றே கிடையாதே?
– பகுதிநேர ஆய்வாளர், கொடுங்கையூர்

பதில்: நெறியாளர் சொன்னதில் 'ஒரே' என்பதை வைத்துக்கொண்டு 'நேரம்' என்பதை விட்டுவிடுங்கள். கடிகாரம் மாறினாலும் வேலைக்குப் போகும் முன் நீங்கள் செய்பவை மாறுவதில்லை: குளிப்பது, சீருடை அணிவது, கம்பெனி பஸ்ஸுக்கோ வாசலுக்கோ போய் நிற்பது. இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்பி, வாசல் எதிரே உள்ள டீக்கடை பெஞ்சில் அதைச் செலவழியுங்கள். டீக்கடையில் உட்கார்ந்து படிப்பதற்கு நம் ஊரில் யாரும் வியப்பதில்லை. தினத்தாள் படிக்கிறவர்களோடு நீங்களும் ஒருவர். வேலை முடிந்து வந்தபின் படிக்க முயலாதீர்கள், குறிப்பாக இரவு ஷிப்டு முடிந்த காலையில். அப்போது உடம்புக்கு வேண்டியது தூக்கம்; கோட்பாட்டு நூல் அதைத் தராது, கெடுக்கவும் செய்யும்.

முனைவர் பட்டத்துக்கு 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் குறைந்தது 3 ஆண்டும் அதிகபட்சம் 6 ஆண்டும் தருகின்றன. ஆறு ஆண்டு என்றால் ஏறக்குறைய 300 வாரம். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 100 வாரம், உங்களுக்கு இரவு ஷிப்டு. அந்த நூறு வாரத்தில் கடினமானதைப் படிக்கப் போவதில்லை என்று இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். நூற்பட்டியல் சரிபார்ப்பது, மேற்கோளை மூலத்தோடு ஒப்பிடுவது, பாடல் எண்களைத் திருத்துவது போன்ற கைவேலைகளை அந்த வாரங்களுக்கென்று ஒதுக்கிவைக்கலாம். புத்தகத்தை மூடும் ஒவ்வொரு முறையும், 'இந்த இடத்தில் நிறுத்தினேன், அடுத்து இதைப் பார்க்க வேண்டும்' என்று ஒரு சீட்டில் எழுதி அதே பக்கத்தில் செருகிவிடுங்கள். உங்களைப் போல விட்டு விட்டுப் படிப்பவருக்கு, விட்ட இடத்தைத் தேடுவதிலேயே அந்த இருபது நிமிடமும் போய்விடும். நீண்ட வாசிப்புக்கு வார ஓய்வுநாளில் இரண்டு மணி நேரம் போதும்.

கேள்வி: அச்சுப் புத்தகமா, திரையா? எல்லாவற்றையும் பிடிஎஃப் கோப்பாகவே படிக்கிறேன், எதுவும் மனத்தில் நிற்பதில்லை.
– ஆய்வு மாணவர், பெரம்பூர்

பதில்: குறை உங்கள் மனத்தில் மட்டும் இல்லை. 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2018இல் வந்தது; அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 1.7 லட்சம் பேருக்கு மேல். தகவல் சார்ந்த உரைகளைத் தாளில் படித்தவர்களே சற்றுக் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். நேர நெருக்கடியில் படித்தபோது அந்த வேறுபாடு பெருகியது. கதைகளில் வேறுபாடு தென்படவில்லை. ஆகவே, நாவலைக் கைப்பேசியில் படித்துக்கொள்ளுங்கள், கட்டுரையை அச்சிடுங்கள். எல்லாக் கட்டுரைகளையும் அச்சிட்டால் ஜெராக்ஸ் கடைக்காரர்தான் மகிழ்வார். முதல் வாசகருக்குச் சொன்னதுபோலப் பத்து நிமிடம் திரையில் மேய்ந்து, பத்தில் ஒன்றைத் தேர்ந்து, அதை மட்டும் தாளில் எடுத்தால் போதும்.

கேள்வி: வியாசர்பாடியில் குடியிருப்பு வாரிய வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். மாலையில் தொலைக்காட்சி, தம்பியின் ஆட்டம், பக்கத்து வீட்டுச் சண்டை. எங்கே உட்கார்ந்து படிப்பது?
– முதுகலை மாணவர், வியாசர்பாடி

பதில்: முதலில் ஒன்று: 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி, இந்த மாநிலத்தில் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. நாட்டிலேயே இப்படியொரு சட்டம் வந்த முதல் மாநிலம் நம்முடையது. வாடகை வழியாகவாவது அதில் ஒரு பங்கு உங்கள் வீட்டிலிருந்தும் போகிறது. ஆகவே நூலகத்தில் போய் உட்கார்வதற்குக் கூச்சம் வேண்டாம். உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் நாளிதழ் மேசையைச் சுற்றிக் கூட்டமாக இருக்கும், ஆனால் உள்ளே நூல் அடுக்குகளின் ஓரத்தில் இடம் கிடைக்கும். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிப்பதற்கென்றே தனி இடம் அமைத்திருக்கிறார்கள். வியாசர்பாடியிலிருந்து அது பெரிய தூரமில்லை.

ஆய்வுக்கு எழும்பூர் கன்னிமாராதான். 1896இல் திறந்தது, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களின் ஒரு படியைப் பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. தலைப்பைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே போனால் அரை நாள் அலைச்சலில் போய்விடும். சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்துக்கு 1924இல் முதல் நூலகராக வந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. அவர் அதை நூலகருக்குச் சொன்னார். நான் உங்களுக்கும் சொல்கிறேன். நூல் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு மூன்றையும் முந்தின இரவே எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஒரு முறைக்கு மூன்று நூலுக்கு மேல் கேட்காதீர்கள்.

வீட்டுச் சத்தத்தை முழுவதும் பகையாக எண்ண வேண்டாம். கூர்ந்து படிக்க வேண்டியதை நூலகத்துக்கு வைத்துக்கொண்டு, பொருளடக்கம் பார்ப்பது, குறிப்புகளைப் படியெடுப்பது போன்றவற்றை வீட்டுக்கு வைத்துக்கொண்டால், தொலைக்காட்சி ஓடும்போதும் வேலை நடக்கும். விடியற்காலையில் தண்ணீர் பிடிக்க எழும் வீடு என்றால், குடங்கள் நிரம்பிய பிறகு மற்றவர்கள் எழுவதற்குள் அரை மணி நேரம் அமைதி இருக்கும். நான் பார்த்தவரை, ஒரே அறை வீட்டிலிருந்து ஆய்வுப் பட்டம் வரை வந்தவர்களில் பலரும் அந்த அரை மணியில் படித்தவர்கள்தான்.

கேள்வி: டிசம்பரில் நெட் தேர்வு எழுதப் போகிறேன். அதுவரை மற்ற வாசிப்பை எல்லாம் நிறுத்திவிடலாமா?
– மாணவி, ராயபுரம்

பதில்: வேண்டாம். உதவிப் பேராசிரியர் பணிக்கான அந்தத் தகுதித் தேர்வின் முதல் தாளில் பத்து அலகுகள், அலகுக்கு 5 வினாக்கள். அவற்றில் ஓர் அலகு முழுவதும் பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வது. இரண்டு தாளும் சேர்த்து 150 வினா, 180 நிமிடம். ஒரு வினாவுக்கு 72 நொடி. அந்த வேகத்தில் ஒரு பத்தியின் கருத்தைப் பிடிக்கும் பழக்கம் வினா வங்கியை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தால் வராது. நவம்பர் இறுதி வரை உங்கள் வாசிப்பை அப்படியே வைத்திருங்கள். கடைசி மூன்று வாரம் மட்டும் நாவலை ஓரமாக வைத்துவிட்டு, தூங்கப் போகும் முன் ஒரு கவிதையோ ஒரு பக்கக் கட்டுரையோ படியுங்கள். தேர்வு முடிந்த அன்று மாலையே அந்த நாவலை விட்ட இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் ஓய்வு என்று தள்ளிப்போட்டால் முடிவு வெளிவரும் வரை அதைத் தொட மாட்டீர்கள்.